கம்பளத்தின் நாலாவது முனை

புலி வருடம், இலையுதிர்காலத்து நடு மாதம்
சராய் நகரம்

அன்புத் தங்கை ஒல்ஜெய்க்கு, அண்ணன் பாச்மன் எழுதுவது.

நீ எனக்கு எழுதி மூன்று வருடம் ஆகிறது. நானும் எழுதவில்லை. நீ கோபக்காரி, நான் சோம்பேறி, அதனால் இரண்டு பேருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. இந்தக் கடிதத்தைக் கிழிக்கிறதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் புதுக் கானைத் தூக்கினோம். பெயர் தொக்தாபுகா. உன் கல்யாணத்துக்கு வந்து புளித்த குதிரைப்பால் குமிஸ் குடித்துவிட்டு ஏரியில் விழுந்தானே, அவனேதான். மூன்று வருடத்தில் இது ஐந்தாவது ஆள். வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்து, நாலு குலத்துத் தலைவர்கள் நாலு முனையைப் பிடித்து, மூன்று முறை வானத்தைப் பார்க்கத் தூக்கினோம். நாலாவது முனை நம்முடையது, உனக்குத் தெரியும். அப்பா பிடித்தார், இப்போது நான் பிடிக்கிறேன். மனிதன் நல்ல பாரம். இன்னும் தோள் வலிக்கிறது.

விருந்தில் சுங்குர் எமிர் என்னைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்தான். இந்த ஐந்து பேரையும் ஏற்றிவிட்டவன் அவன்தான், அதில் நாலு பேரை இறக்கிவிட்டவனும் அவன்தான். பெரிய கானுடைய எலும்பில், அவர் வம்சத்தில் பிறந்தவன் மட்டுமே கான் ஆகலாம் என்கிற சட்டம் இல்லாவிட்டால் அவனே என்றைக்கோ உட்கார்ந்திருப்பான். அது அவனுக்கு வாய்க்கவில்லை. அதனால் அவனுக்கு எப்போதும் கைவசம் ஒரு எலும்பு வேண்டும். ஆட்டு வால் கொழுப்பைத் தின்றுவிட்டு என் சட்டைக் கையில் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பாச்மன், உன் தங்கச்சிக்கு ஒரு பையன் இருந்தானே?"

"அம்மை போட்டுச் செத்துட்டான் எமிரே. அவங்கப்பா போன அதே குளிர்காலத்துல."

"அப்படியா? செத்த பையன் உலர்தயிர் தின்னுட்டு ஏழு தகப்பன் பேரச் சொல்றானாமே!"

ஆட்டு வியாபாரி ஒருவன் யாயிக் ஆற்றங்கரையில் ஒரு குதிரை மேய்ப்பவன் கூடாரத்தில் தங்கினானாம். அங்கே ஒரு பையன். "நீ யார் மகன்டா?" என்று சும்மா கேட்டிருக்கிறான். பையன் கையைக் கட்டிக்கொண்டு அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று ஏழு பேரையும் தட்டாமல் தடுமாறாமல் சொன்னானாம். முதல் பெயர் மெங்லிபெக். கடைசிப் பெயர் பெரிய கானுடைய மகன். வியாபாரி பயந்துபோய்க் கையிலிருந்த உலர்தயிர்க் கட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

மெங்லிபெக் உன் புருஷன். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் வேறு இளவரசன் யாயிக் பக்கம் இருந்ததில்லை. தொகாய் உயிரோடு இருக்கிறானா, ஒல்ஜெய்? இருந்தால், கொஞ்சம் யோசி. அவன் கான், நீ கானுடைய தாய். பாழாய்ப்போன அந்தப் புல்வெளியில் சாணி பொறுக்கிக்கொண்டு ஏன் கிடக்க வேண்டும்?

பாச்மன்

*

புலி வருடம், இலையுதிர்காலத்துக் கடைசி மாதம்
யாயிக் கரை

அண்ணான்னு கூப்பிட வாய் கூசுது. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல. அண்ணே,

உன் கடுதாசிய நான் கிழிக்கல. அதுல ஆட்டுக் கொழுப்பு நாத்தம் அடிச்சுது, அதனால வெளிய வச்சுப் படிச்சேன்.

தொகாய் செத்துட்டான். மூணு வருசம் முன்னால நான்தான் உனக்குச் சொல்லி அனுப்பினேன். செத்த பிள்ளைய எத்தனை தடவ சாகடிக்கச் சொல்ற? ஆட்டு வியாபாரிங்க குமிஸ் ஓசியில கிடைச்சா குடிச்சிட்டு என்ன வேணா பேசுவானுங்க. இங்க மேய்க்கிறவன் பிள்ளைங்க எல்லாம் விளையாட்டுக்கு நான் கான், நீ கான்னுதான் விளையாடுதுங்க. அதக் கேட்டுட்டு வந்து உளறியிருப்பான்.

கானோட தாயாமே! வெக்கமா இல்ல உனக்கு? என் வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நீ சராய்ல இருந்த. "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்"னு எங்கிட்ட சொன்ன. நீ இருந்த. அவர்தான் இல்ல. அவர் எப்படிச் செத்தார்னு ஒரு வரி எழுத உனக்குக் கை வரல. இப்ப அஞ்சாவது கான் பாரம்னு தோள் வலியப் பத்தி எழுதற. உன் தோள்ல புழு வைக்க.

நான் சாணி பொறுக்கறேன்தான். குளிருக்கு எரிக்கிறதுக்குப் பொறுக்கறேன். நீங்க அங்க அதத் தின்னுட்டு விருந்துங்கறீங்க.

இனிமே எழுதாத.

ஒல்ஜெய்

அந்த வியாபாரி பார்த்த பையனுக்கு என்ன வயசுன்னு சொன்னான்? அந்த வியாபாரி பேரு என்ன, மறுபடி எந்த வழியா வருவான்?

*

புலி வருடம், குளிர்காலத்து முதல் மாதம்
சராய்

ஒல்ஜெய்,

கையெழுத்துக்குக் கீழே நீ எழுதின அந்த ஒரு வரி போதும் எனக்கு. சின்ன வயதில் வெண்ணெய் திருடிவிட்டு, "அண்ணே, வெண்ணெயை யாராவது தேடினாங்களா?" என்று நீயே வந்து கேட்பாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறாய். கடிதத்தை எரித்துவிட்டேன்.

பையனுக்கு எட்டு வயது என்றான். இடது புருவத்தில் தழும்பு என்றான். இனி மறைக்காதே, நேரமில்லை.

தொக்தாபுகா போய்விட்டான். நாற்பத்தொரு நாள். சுங்குருக்குக் கொடுப்பதாகச் சொன்ன மேய்ச்சல் நிலத்தைத் தன் மாமனுக்குக் கொடுத்தான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். எப்படிப் போனான் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூன்று வருடம் இருந்ததற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரிய கானுடைய எலும்பில் பிறந்தவன் ரத்தம் மண்ணில் விழக்கூடாது, இல்லையா? அதனால் கம்பளத்தில் சுருட்டுவார்கள். சுருட்டிக் கட்டி, மேலே ஆட்கள் உட்காருவார்கள். சத்தம் நிற்கிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். நேற்று அப்படி உட்கார்ந்த ஒருத்தன் கொட்டாவி விட்டான். சுங்குர் குளிர்காயும் பூனை மாதிரி முகத்தை வெயிலில் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அவிழ்த்தபோது பார்த்தேன். அது அதே கம்பளம். நாங்கள் அவனைத் தூக்கின கம்பளம். நாலாவது முனையில் நம் குலத்துச் சிவப்பு நூல் முடிச்சு, அப்பா போட்டது. செத்தவன் மூத்திரம் போய் மஞ்சளாக நனைந்து கிடந்தது.

"எமிரே, தூக்கின கம்பளத்துலயேவா?" என்றேன்.

"வேற எதுல? வெள்ளக் கம்பளம் செய்ய ஒரு வருஷக் கம்பளி வேணும். அவ்வளவு வெள்ளைச் செம்மறி உங்கப்பன் வச்சிருக்கானா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒல்ஜெய். பிறகு மோர்த்தண்ணியில் அலசிக் காயப்போட்டார்கள். ஐந்து பேருக்கும் அதுதான். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று நானாகவே நினைத்திருந்தேன்.

இதற்கு மேல் எழுத என் கை ஒப்பவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கான் பதவிக்குப் போட்டியாக வருவான் என்று மெங்லிபெக்கைச் சுருட்டின அன்று, "முனையப் பிடி" என்றான் சுங்குர். கயிறு நான் கட்டவில்லை. மேலே நான் உட்காரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முனையை மட்டும் பிடித்தேன், கம்பளத்தைப் பார்க்கவில்லை. பிடித்த கை இது. இதே கையால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோறு தின்னும்போதெல்லாம் கம்பளி நாற்றம் அடிக்கிறது. கழுவிப் பார்த்துவிட்டேன், சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது சுங்குரிடம் எலும்பு தீர்ந்துவிட்டது. பெரியவர்களை எல்லாம் அவனே தின்று முடித்துவிட்டான். சின்னப் பிள்ளைகளாகத் தேடுகிறான். "சின்னதா இருந்தா சொன்னதக் கேக்கும்" என்கிறான். ஆறு உறைந்ததும் யாயிக்குக்கு நாற்பது குதிரை வருகிறது. எங்கே ஓடுவாய்? பனியில் தடம் தெரியும். குளிர்கால மேய்ச்சலை விட்டு நகர்ந்தால் ஆடு குதிரையெல்லாம் செத்து, நீங்களும் சாவீர்கள்.

எனக்கு வழி தெரியவில்லை. பேசாமல் சம்மதித்துவிடு, நான் அவன் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று எழுத வந்தேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன், இல்லையா?

பாச்மன்

*

புலி வருடம், குளிர்காலத்து நடு மாதம்
யாயிக் கரை

அண்ணே,

உன் கடுதாசியப் படிச்சிட்டு ரெண்டு நாள் குதிரைங்களோடயே கிடந்தேன். மூணாவது நாள் உன்னத் திட்டறதுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். அதைக் கிழிச்சிட்டேன். உன்னத் திட்ட இன்னொரு நாள் வரும். நிச்சயமா வரும், நான் மறக்க மாட்டேன்.

தொகாய் இருக்கான். செத்துட்டான்னு சொல்லி குதிரை மேய்க்கிற சபார் வீட்டுல அவங்க பிள்ளைங்களோட விட்டேன். நானும் பக்கத்துக் கூடாரத்துலதான். ஊருக்கு அவன் சபார் பிள்ளை. துணி கிழிசல், தலை சிக்கு, எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். ஒண்ணே ஒண்ணுல கோட்டை விட்டேன். ஏழு தகப்பன் பேரு தெரியாத பிள்ளைய நம்ம ஆளுங்க யாராச்சும் வளப்பாங்களா? ஆட்டுக்குட்டிக்குக்கூட எந்த ஆடு தாய்னு தெரியும். தினம் பால் கறக்கும்போது காதோட சொல்லிக்கொடுத்தேன். வெளிய சொல்லாதடான்னும் சொன்னேன். விருந்தாளி கேட்டா நின்னு சொல்லணும்னும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு அதுல எது பெருசுன்னு எப்படித் தெரியும்? பெருமையா என் முகத்தப் பார்த்துக்கிட்டே சொன்னான். நான் சட்டி கழுவிட்டிருந்தேன்.

ஓட முடியாதுன்னு எனக்கும் தெரியும். அவங்களுக்கு வேண்டியது எம்பிள்ள இல்ல, அவனோட எலும்பு. அந்த எலும்பு இல்லன்னா அவன் அவங்களுக்கு ஒரு செருப்புக்கும் பெறமாட்டான். அதத்தான் பண்ணப் போறேன்.

சபார் போன வசந்தத்துல குதிரை உதைச்சுச் செத்துட்டான். செத்தவன யாரும் தண்டிக்க முடியாது. அவன் பொண்டாட்டி குமுஷ்கிட்ட போய் உக்காந்து கேட்டேன். அவ கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? "எம்புருஷனுக்குப் பொட்டைக்குதிரையத் தவிர வேற எதையும் ஏறெடுத்துப் பார்க்கத் தெரியாது தாயீ. இளவரசி கூப்பிட்டிருந்தா வேலிக்கு அந்தப்பக்கம் ஓடியிருப்பான். சரி, செத்தப்புறமாவது அவனுக்கு ஒரு பேரு வரட்டும், எடுத்துக்க." சொல்லிட்டு அழுதா. நானும் அழுதேன்.

இதோட இன்னொரு கடுதாசி வச்சிருக்கேன். அது சபைக்கு. நீதான் வாசிக்கணும், வேற யார் வாசிச்சாலும் எமிர் நம்ப மாட்டான். வாசிச்சு முடிச்சிட்டு என் பேரச் சொல்லித் துப்பணும். எல்லார் முன்னாலயும், நல்லா காறித் துப்பணும். அதுக்கப்புறம் உன் கையில முனை இருக்காது, நம்ம குலத்துக்கே இருக்காது. தெரிஞ்சுதான் கேக்கறேன். அந்த முனை உனக்குப் பெருசுன்னா இந்தக் கடுதாசிய எரிச்சிடு, எனக்குப் பதிலும் எழுத வேணாம்.

எனக்கே என்மேல அருவருப்பா இருக்கு. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு குறையும் வைக்கல.

ஒல்ஜெய்

(உள்ளே வைத்தது)

சுங்குர் எமிருக்கும் சபையில் கூடிய நாலு குலத்துத் தலைவர்களுக்கும், மெங்லிபெக்கின் விதவை ஒல்ஜெய் அடுப்புத் தீயின் மேல் ஆணையிட்டுச் சொல்வது.

யாயிக் கரையில் இருக்கும் என் மகன் தொகாய், மெங்லிபெக் இளவரசருக்குப் பிறந்தவன் அல்ல. குதிரை மேய்ப்பவன் சபாருக்குப் பிறந்தவன். என் கணவர் போருக்குப் போயிருந்த கோடையில் இது நடந்தது. பையனை இளவரசர் மகனாக வளர்க்கும் பேராசையில் அவனுக்கு ஏழு பெயரைப் பொய்யாகச் சொல்லிக்கொடுத்தேன். பொய் எலும்பைக் கம்பளத்தில் ஏற்றினால் வானம் பொறுக்காது என்று பயந்து இப்போது உண்மையைச் சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

*

புலி வருடம், குளிர்காலத்துக் கடைசி மாதம்
சராய்

தங்கச்சி,

வாசிச்சுட்டேன்.

இந்தக் கடுதாசி அழகாக இருக்காது. எனக்கு இடது கைதான் இருக்கு, வலது கையில விரல் இன்னும் கூடல. அத அப்புறம் சொல்றேன்.

ரெண்டு நாள் உன் கடுதாசிய மடியிலேயே வச்சிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், எரிக்கத்தான் நினைச்சேன். முனை போனா நான் யாரு? சராய்ல என்ன எவன் திரும்பிப் பார்ப்பான்? மூணாம் நாள் கம்பளத்த வெயில்ல தட்டிட்டிருந்தாங்க. நாற்பது குதிரை சேணம் கட்டி நின்னுது. போய் எமிர் முன்னால நின்னு எடுத்து வாசிச்சேன்.

முதல்ல ஒருத்தன் கனைச்சான், குதிரை மாதிரி. அதுக்கப்புறம் சபையே கனைச்சுது. பெரிய மனுஷங்க, தாடி நரைச்சவங்க, கைகொட்டிக் கனைக்கிறாங்க. சுங்குர் மட்டும் சிரிக்கல.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் எமிரே. மச்சானுக்கும் தெரியும். வெளிய சொன்னா அவமானம்னு விட்டுட்டார்."

இது நான் சேர்த்தது. செத்த மனுஷன நான் ரெண்டாவது தடவ சுருட்டினேன். அப்புறம் நீ சொன்னபடி துப்பினேன். வாய் வறண்டு போயிருந்துச்சு, முதல் தடவ எச்சில் வரல. கம்பளத்தப் பார்த்தேன், நிறைய வந்துச்சு.

"அவளக் கொல்லணுமா?" ஒருத்தன் கேட்டான். "எதுக்கு? கொன்னா பெரிய விஷயமாயிடும். தலையில வைக்கிற இளவரசிக் கொண்டையப் பிடுங்கிட்டு விடு, மேய்க்கிறவன் பொண்டாட்டியாவே கிடக்கட்டும்"னான் சுங்குர். என்ன வெளிய இழுத்துட்டுப் போனாங்க. முனை பிடிச்ச விரல் நாலையும் கல்லு மேல வச்சு உடைச்சாங்க. குதிரைச்சாணிய அள்ளி வாயில வச்சாங்க. நீ அன்னைக்குத் திட்டி எழுதினது அப்படியே நடந்துச்சு பாரு.

இதெல்லாம் எனக்குப் பெருசில்ல. இத எழுதத்தான் இடது கையில நாணல்கோல் பிடிச்சேன்: அந்த நாற்பது குதிரை சும்மா நிக்கல. தெற்க போச்சு. வேற ஒரு விதவையோட பிள்ளையக் கொண்டு வந்தாங்க. ஏழு வயசு. எனக்குப் பதிலா வேற ஒருத்தன் நாலாவது முனையப் பிடிச்சான். நான் கூட்டத்துக்குப் பின்னால நின்னு பார்த்தேன். தூக்கும்போது பிள்ளை பயந்துபோய்க் கம்பளத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு. சளி ஒழுகினத அதுலயே துடைச்சுது. ஜனங்க ஆரவாரம் பண்ணினாங்க. நான் உடைஞ்ச கைய மேலங்கிக்குள்ள மறைச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

நம்ம பிள்ளைக்குப் பதிலா அவன், ஒல்ஜெய். இத உங்கிட்ட சொல்லாம இருக்கலாம். சொல்லாம இருந்து இருந்துதான் இப்படி ஆனேன்.

ஒண்ணு கவனமா கேளு. சுங்குருக்கு முழுசா நம்பிக்கை வரல. வசந்தத்துல ஒரு ஆள அனுப்புவான். அவன் பையன்கிட்டதான் பேசுவான். அதுக்குள்ள அந்த ஏழு பேர அவன் நாக்குலேர்ந்து எடுத்துடு.

பாச்மன்

*

முயல் வருடம், வசந்தகாலத்து நடு மாதம்
யாயிக் கரை

அண்ணே,

ஆள் வந்துட்டுப் போயிட்டான். நாங்க உயிரோட இருக்கோம்.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே ஆரம்பிச்சேன். சொல்லிக்கொடுக்க மூணு வருசம் ஆச்சு, மறக்கடிக்க ஒரு மாசம்தான் கையில. குமுஷ் அவ புருஷன் வீட்டுப் பேருங்களச் சொல்லிக் கொடுத்தா. நாலு பேருதான் அவளுக்கே தெரியும். "அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யாம்மா?"ன்னு தொகாய் கேட்டான். ஆமான்னேன். விளையாட்டுன்னு சொல்லியிருக்கலாம். விளையாட்டுன்னா பிள்ளைங்க யார்கிட்டயாவது சொல்லிடும். அதனால கண்ணப் பார்த்து ஆமான்னேன். "அப்ப எங்கப்பா?" சபார்னேன். எழுந்து குதிரைங்ககிட்ட போயிட்டான். அன்னைக்கிலேர்ந்து என் கையால பால் வாங்கிக் குடிக்கல. குமுஷ் கொடுத்தா குடிக்கிறான்.

வந்த ஆள் உலர்ந்த திராட்சை ஒரு பை கொண்டு வந்திருந்தான். இனிப்பாப் பேசினான். என் கொண்டையத்தான் ஏற்கெனவே பிடுங்கிட்டுப் போயிட்டாங்களே, தலைய மூடிக்கிட்டு சட்டி கழுவிட்டிருந்தேன், அன்னைக்கு மாதிரியே.

"நீ யார் மகன்டா?"

தொகாய் எழுந்து நின்னான். கையைக் கட்டிக்கிட்டான். என் உசுரே போயிடுச்சு, ஏன்னா அப்படி நின்னு சொல்றது நான் சொல்லிக்கொடுத்தது.

"நான் தொகாய். எங்கப்பா சபார். அவங்கப்பா ஜானிக். அவங்கப்பா கோதான். அவங்கப்பா நொண்டி இத்மர். அதுக்கு மேல தெரியாது."

"ஏழு பேரு சொல்லுவியாமே?"

"அது பொய்யி. அம்மா கத்துக்கொடுத்தது."

"உங்கம்மா யாரு?"

என்னக் கைநீட்டிக் காட்டினான். அந்த ஆள் என்னப் பார்த்துத் துப்பினான். நான் தலை குனிஞ்சுட்டேன். அப்புறம் தொகாயும் துப்பினான், அண்ணே. எம்பிள்ள, என்னப் பார்த்து. பெரிய மனுஷன் மாதிரி காறித் துப்பினான், என் காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. அந்த ஆள் அதுவரைக்கும் கண்ணச் சுருக்கிப் பார்த்துட்டிருந்தவன், அதப் பார்த்துட்டுத்தான் சிரிச்சான். திராட்சைய அவன் கையில கொடுத்துட்டுக் குதிரை ஏறிட்டான்.

அந்தத் தெற்கத்திப் பிள்ளையோட அம்மாவ நான் தினம் நினைக்கிறேன். அவ பேரு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லாத.

உன்னத் திட்ட ஒரு நாள் வரும்னு எழுதினேன். இங்க வா, நேர்லயே திட்டறேன். உடைஞ்ச கையோட அங்க என்ன பண்ணுவ? பால் கறக்க முடியாது உன்னால, ஆடு மேய்க்கலாம்.

தொகாய் துப்பினது நடிச்சானா, நிசமாவானு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். திராட்சைய எல்லாப் பிள்ளைங்களுக்கும் பங்கு வச்சான், எனக்கு வைக்கல. முன்பல்லு ரெண்டும் முளைச்சிடுச்சு. நேத்து சேணம் இல்லாம செவலைக்குதிரைய ஓட்டிக்கிட்டு என் கூடாரத்த ஒட்டியே போனான். திரும்பிப் பார்க்கல. நல்லா ஓட்டறான்.

ஒல்ஜெய்